ஐந்தாம் பக்கத்துக் கடிதம்: பிரேசிலின் சேரிப் பிள்ளைகள் கதையான கதை

1

எங்கள் தெருவில் மாலை வகுப்பு நடத்துகிறோம். வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பல்பு, இரண்டு கோரைப்பாய், இருபது இருபத்தைந்து பிள்ளைகள். பாடம் முடிந்ததும் கால்மணி நேரம் கதை. அந்தக் கால்மணி நேரத்துக்காகவே வருகிற பிள்ளைகள் உண்டு. அப்படித்தான் ஒரு கோடையில் பிரேசில் நாட்டு நாவல் ஒன்றைப் பத்து நாள் தொடர்ந்து சொன்னேன். ஜோர்ஜ் அமாடோ 1937இல் வெளியிட்ட நாவல். 'மணல்வெளித் தளபதிகள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். துறைமுகத்தையொட்டிப் பாழடைந்து கிடக்கும் ஒரு சரக்குக் கிடங்கு. அதற்குள் எலிகளோடு எலிகளாகப் படுத்தெழும் நூற்றுக்கும் மேற்பட்ட பசங்க. திருட்டுதான் பொழப்பு. தலைவனுக்கு வயசு பதினைந்து. போலீசு பிடிக்கும், அடிக்கும். பசங்க தப்பித்து ஓடுவார்கள். சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

கடைசி நாளில் ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு கேட்டது: "ஏங்க்கா, அந்த நூறு பசங்களுக்கும் அம்மாவே கெடையாதா?"

"செத்துப் போயிருப்பாங்கம்மா. இல்லன்னா உட்டுட்டுப் போயிருப்பாங்க."

"நூறு அம்மாவுமா?"

எம்.ஏ. தமிழ் படித்த எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பொண்ணோட அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அம்மா இருந்தும் பொழுதெல்லாம் தெருவில் கிடப்பது என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி அதனிடமிருந்து வந்தது.

வீட்டுக்கு வந்து நாவலை மறுபடி பிரித்தேன். அம்மா இருந்தார். முதல் சில பக்கங்களிலேயே இருந்தார். நான்தான் கதை சொல்லும் அவசரத்தில் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

2

அந்த நாவலின் தொடக்கம் பத்திரிகைச் செய்திதான். பாஹியா மாநிலத்தின் தலைநகர் சால்வதோர். அங்கே பணக்காரர்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு பெரும் வியாபாரி வீட்டில் திருட்டு. திருடியவர்கள் சிறுவர்கள். இந்தப் பசங்களைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள் என்று நகரத்துப் பத்திரிகை கூச்சல் போடுகிறது. உடனே கடிதங்கள் வருகின்றன.

போலீசுத் தலைமை அதிகாரியின் செயலாளர் எழுதுகிறார்: இது எங்கள் தவறல்ல, சிறார் நீதிபதிதான் உத்தரவு கொடுக்க வேண்டும். சிறார் நீதிபதி எழுதுகிறார்: ஓடிப்போன பிள்ளைகளைத் துரத்திப் பிடிப்பது என் வேலையல்ல. அதிகாரிகளின் கடிதங்கள் அவரவர் படத்தோடும் பாராட்டோடும் அச்சாகின்றன. பந்தை இவர் அவர் பக்கம் உதைக்க, அவர் இவர் பக்கம் உதைக்கிற விளையாட்டு.

அடுத்தது ஒரு தையல்காரப் பெண்ணின் கடிதம். அவருடைய மகன் சீர்திருத்தப் பள்ளியில் ஆறு மாதம் இருந்தவன். அங்கே அடி, உதை, பட்டினி. நம்பிக்கை இல்லையென்றால் முன்கூட்டிச் சொல்லாமல் ஓர் ஆளை அனுப்பிப் பாருங்கள் என்கிறார். அந்த இடத்தில் கிடப்பதைவிட என் பிள்ளை அந்தத் திருட்டுப் பசங்களோடு இருப்பதே மேல் என்கிறார். இந்தக் கடிதம் ஐந்தாம் பக்கத்தில் விளம்பரங்களுக்கு நடுவில் போடப்படுகிறது. அந்தத் தாய் சொல்வது உண்மைதான் என்று எழுதும் ஏழைப் பாதிரியாரின் கடிதம் மூன்றாம் பக்கம் போகிறது. கடைசியில் சீர்திருத்தப் பள்ளி இயக்குநர் கோபமாக எழுதுகிறார். நிருபர் போய்ப் பார்க்கிறார். அருமையான பள்ளி என்று பத்திரிகை புகழ்ந்து தள்ளுகிறது. அதோடு விவகாரம் முடிந்தது.

யாருடைய சொல் எந்தப் பக்கத்தில் அச்சாகிறது என்பதை இருபத்தைந்து வயசு அமாடோ இத்தனை சுருக்கமாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தத் தாயை ஐந்தாம் பக்கத்திலேயே விட்டுவிட்டு அவரும் பசங்களின் பின்னால் போய்விட்டார். நானும் போய்விட்டேன். பிரேசிலின் சேரிப் பிள்ளைகளைப் பற்றிய எழுத்தின் வரலாறு, விளம்பரங்களுக்கு நடுவே கிடந்த அந்தத் தாய் எழுந்து முன்பக்கத்துக்கு நடந்து வந்த வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

3

தெருவில் இத்தனை பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? வானத்திலிருந்து குதிக்கவில்லை. சட்டம் போட்டு உண்டாக்கினார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் பிரேசில் மண்ணில் இறங்கியவர்கள் மட்டும் 50 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக அடிமை முறையை ஒழித்த நாடு அது. ஒழிப்பதற்கு முன்னால் 1871 செப்டம்பர் 28இல் ஒரு சட்டம் வந்தது. 'சுதந்திரக் கருப்பைச் சட்டம்' என்று அதற்குப் பெயர். இனி அடிமைப் பெண் வயிற்றில் பிறக்கும் பிள்ளை சுதந்திரப் பிள்ளை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாய் அடிமைதான். எட்டு வயது வரை பிள்ளை தாயின் எசமானிடம் வளரும். அதன் பிறகு எசமான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளையை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு 600 மில்-ரெய்ஸ் இழப்பீடு வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் 21 வயது வரை அந்தப் பிள்ளையை வேலை வாங்கிக்கொள்ளலாம். இழப்பீடு யாருக்கு? எசமானுக்கு. பெற்றவளுக்கு அந்தத் தேர்விலோ இழப்பீட்டிலோ இடமில்லை. தாயையும் பிள்ளையையும் சட்டத்தின் இரண்டு பக்கத்தில் நிறுத்திய முதல் காகிதம் இதுதான்.

1888 மே 13இல் அடிமை முறை ஒழிந்தது. நிலம் கொடுக்கவில்லை, கூலிக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை. இரண்டே வருடத்தில், 1890இல், புதிய தண்டனைச் சட்டம் வந்தது. வேலை இல்லாமல் திரிவது குற்றம். கறுப்பின மக்களின் கப்போயிரா ஆட்டம் குற்றம். ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, தெரிந்தே செய்தது என்று நீதிபதி கருதினால் குற்றவாளி. நேற்று வரை வேலையைத் தவிர எதுவும் கொடுக்காதவன், இன்று வேலையையும் பிடுங்கிக்கொண்டு, சும்மா நிற்கிறாயே என்று பிடித்து உள்ளே போடுகிறான்.

1897இல் கனுடோஸ் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சொன்னபடி வீடு கிடைக்கவில்லை. ரியோ டி ஜெனிரோவில் ஒரு குன்றின் மேல் குடிசை போட்டார்கள். போர் நடந்த இடத்திலிருந்த குன்றின் பெயரால் அதை 'ஃபவேலா' என்றார்கள். அந்தப் பெயர்தான் பிறகு நாடு முழுக்க இருக்கும் குடிசைப் பகுதிகளுக்கு ஆயிற்று. நான் அதைச் சேரி என்றே எழுதுகிறேன். குடிசைப் பகுதி என்கிற அரசாங்கச் சொல்லில் ஓலை தெரிகிறது, உள்ளே இருக்கிற சனம் தெரிவதில்லை.

1927இல் சிறார்களுக்கெனத் தனிச் சட்டத் தொகுப்பு. 'கைவிடப்பட்ட அல்லது குற்றம் புரிந்த' 18 வயதுக்குட்பட்டவர்கள் எல்லாம் நீதிபதியின் கையில். இந்த 'அல்லது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வீடில்லாத பிள்ளையும் திருடிய பிள்ளையும் ஒரே வரியில். இருவருக்கும் ஒரே பெயர்: 'மெனோர்'. வயதில் குறைந்தவர் என்றுதான் அகராதி சொல்லும். ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளையைப் பத்திரிகைக்காரன் 'குழந்தை' என்பான்; தெருவில் கிடக்கும் கறுப்புப் பிள்ளையை 'மெனோர்' என்பான். ஒரே வயசுதான். சொல் மட்டும் வேறு.

4

இந்தப் பின்புலத்தில்தான் 1937இல் அமாடோவின் நாவல் வந்தது. அமாடோ தென்பாஹியாவில் கொக்கோத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். கம்யூனிஸ்ட். சட்டம் 'மெனோர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்ட பிள்ளைகளை அவிழ்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் முகமும் கொடுத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். பெத்ரோ பாலா தலைவன். துறைமுகத் தொழிலாளர் போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவரின் மகன். 'வாத்தியார்' என்கிற பையன் புத்தகங்களைத் திருடிவந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்வான். பிருலிட்டோ சாமி கும்பிடுவான். பெற்றோரைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்த டோரா என்கிற சிறுமி வந்து சேர்கிறாள்.

'காலில்லாதவன்' என்று பட்டப்பெயர் கொண்ட நொண்டிப் பையன்தான் என்னைத் தூங்கவிடாதவன். போலீசுக்காரர்கள் குடித்துச் சிரித்தபடி, அவனை ஓர் அறையில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு அடித்தவர்கள். அந்தக் கனவு அவனை விடுவதில்லை. அனாதை என்று சொல்லிப் பணக்கார வீடுகளில் போய்ச் சேர்ந்து, நகை எங்கே, பணம் எங்கே என்று பார்த்துவந்து கூட்டத்துக்குச் சொல்வது அவன் வேலை. ஒரு வீட்டில், செத்துப்போன மகனின் நினைவாக அந்த அம்மா அவனைப் பெற்ற பிள்ளைபோல வைத்துக்கொள்கிறார். கட்டில், துணி, நெற்றியில் முத்தம். ஆனாலும் அவன் கூட்டத்துக்குத் துப்புக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான். கிடங்கில் மழைக்கு நடுங்கிக் கிடக்கும் நூறு பேரை விட்டுவிட்டுத் தான் மட்டும் மெத்தையில் படுக்க முடியவில்லை அவனால். கடைசியில் போலீசு துரத்த, மறுபடி அந்தக் கையில் அகப்படக்கூடாது என்று உயரத்திலிருந்து குதித்துச் சாகிறான். திருட்டுக்குள்ளும் ஓர் அறம் இருக்கிறது என்பதை இதைவிட நேர்மையாக எழுதியவர்கள் குறைவு.

1937 நவம்பர் 10இல் வர்காஸ் சர்வாதிகாரம் வந்தது. ஒன்பதே நாளில், நவம்பர் 19இல், சால்வதோரில் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். அமாடோவின் நூல்களில் மட்டும் 1,694 பிரதிகள். அதில் 'மணல்வெளித் தளபதிகள்' 808. அதிகாரிகள் எண்ணிக் கணக்கெழுதிக் கையெழுத்துப் போட்டு எரித்ததால்தான் இந்தக் கணக்கு நமக்குத் தெரிகிறது. எரித்த இடம் கடற்படைப் பயிற்சிச் சிறுவர் பள்ளியின் எதிரில். அனாதைகளையும் திக்கற்ற ஏழைப் பிள்ளைகளையும் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வகைப் பள்ளி அது. அந்தப் பிள்ளைகளின் கதையை அந்தப் பிள்ளைகள் வாசலிலேயே எரித்தார்கள். நாவல் மறுபடி அச்சானது 1944இல்.

எரிக்கப்பட்ட புத்தகம் என்பதால் அதை விமர்சிக்கக்கூடாது என்று எதுவுமில்லை. சால்வதோர் கறுப்பு மக்களின் நகரம். நூறு பசங்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பர், கலப்பினத்தவர். தலைவன் மட்டும் பொன்னிற முடிக்காரன். பலத்திலும் நல்ல மனசிலும் யாருக்கும் குறையாத கறுப்புப் பையன் ஜோவாவ் கிராண்டே அவனுக்குக் காவல்காரன். யோசிக்கத் தெரியாதவன் என்று வேறு எழுதப்பட்டிருக்கிறது. இது எங்கேயோ கேட்ட குரல்தான். இன்னொரு இடம். இரவில் மணல்வெளியில் தனியாகப் போகும் ஒரு கறுப்புச் சிறுமியை நம் கதாநாயகன் பெத்ரோ பாலா பலவந்தப்படுத்துகிறான். அவள் அழுதுகொண்டே அவனைச் சபித்தபடி போகிறாள். நூறு பசங்களில் பலருக்குப் பட்டப்பெயர் வரை கொடுத்த அமாடோ அவளுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அவன் பிறகு தொழிலாளர் தலைவனாகிறான். அவள் கதை அந்த மணலோடு சரி. மாலை வகுப்பில் கதை சொன்னபோது அந்த அத்தியாயத்தை நான் விட்டுவிட்டேன். சின்னப் பிள்ளைகள் என்பதால் விட்டேனா, நாயகனைக் காப்பாற்ற விட்டேனா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

5

அமாடோவின் நாவல் வந்த அதே 1937இல், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றிலிருந்து ஒரு கறுப்பினப் பெண் சாவோ பாவுலோ நகரத்துக்கு வந்து சேர்ந்தார். பெயர் கரோலினா மரியா த ஜெசூஸ். 1914இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம்தான். வீட்டு வேலை செய்தார். பிறகு 1940களின் கடைசியில் தியெத்தே ஆற்றங்கரையில் கனிந்தே என்கிற சேரியில், தானே பலகையும் தகரமும் சுமந்துவந்து குடிசை போட்டார். தெருத்தெருவாகக் காகிதம் பொறுக்கி எடைக்குப் போடுவது பிழைப்பு. மூன்று பிள்ளைகள். புருஷன் கிடையாது. பொறுக்கிவந்த காகிதத்தில் எழுதாத பக்கங்களில் நாட்குறிப்பு எழுதினார்.

அச்சான நாட்குறிப்பு 1955 ஜூலை 15இல் தொடங்குகிறது. அன்று மகள் வேரா யூனிசின் பிறந்தநாள். பிள்ளைக்கு ஒரு சோடிச் செருப்பு வாங்க ஆசை, காசில்லை. குப்பையில் கிடைத்த சோடியைக் கழுவி, தைத்துச் சரிசெய்து மாட்டிவிடுகிறார். இதுதான் முதல் நாள். அமாடோவின் நாவலில் கடலும் நிலாவும் துப்பாக்கியும் இருக்கின்றன. இங்கே ஒரு சோடிச் செருப்பு இருக்கிறது. சேரிப் பிள்ளையின் வாழ்க்கையைப் பெற்றவள் எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவாள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

குழாயடி வரிசை, வாளி, கடைக்காரன் சொன்ன விலை, அன்றைக்கு எடைக்குப் போட்டது எத்தனை, கிடைத்த காசுக்கு ரொட்டியா அரிசியா என்று நாள் தவறாமல் கணக்கு வருகிறது. 1958 மே 13, அடிமை ஒழிப்பு நாள். அன்றைக்கும் மழை, அன்றைக்கும் அடுப்புக்கு வழியில்லை. எழுபது வருடம் கழித்து இன்னொரு எசமானாகப் பசி வந்து உட்கார்ந்திருப்பதைப் பதிவு செய்கிறார். குப்பைமேட்டில் கிடைத்த அழுகல் கறியைச் சுட்டுத் தின்ற ஒரு கறுப்புப் பையனைப் பற்றியும் எழுதுகிறார். வேண்டாம்ப்பா என்று இவர் சொல்லியும் கேட்கவில்லை, பசி. மறுநாள் உடம்பு வீங்கிச் செத்துக் கிடக்கிறான். பெயர் தெரியாது, காகிதம் கிடையாது. அப்படியே புதைத்தார்கள். அவன் யாரையும் கொள்ளையடிக்கவில்லை; எந்த நாவலிலும் தளபதி ஆகவில்லை. சேரியில் சாகிற பிள்ளைகளில் அதிகம் பேர் இவனைப் போன்றவர்கள்தான். துப்பாக்கி இல்லாத சாவு என்பதால் கதைக்காரர்கள் கண்ணில் படுவதில்லை.

1958இல் அந்தச் சேரிக்குச் செய்தி சேகரிக்கப் போன அவுதாலியோ தந்தாஸ் என்கிற பத்திரிகையாளர், சின்னப் பிள்ளைகளின் ஊஞ்சலைப் பெரியவர்கள் ஆக்கிரமிக்க, உங்கள் பேரைப் புத்தகத்தில் எழுதிடுவேன் என்று ஒரு பெண் சத்தம் போடுவதைக் கேட்டார். என்ன புத்தகம் என்று விசாரித்துப் போனார். 1960 ஆகஸ்டில் நாட்குறிப்பு நூலாக வந்தது. நகரம் என்பது வரவேற்பறை என்றால், சேரி வேண்டாததைத் தூக்கிப் போடும் அறை. அந்தப் பொருளிலேயே தலைப்பு. 10,000 பிரதிகள் ஒரு வாரத்துக்குள் விற்றன. பத்துக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. ஐந்தாம் பக்கத்துத் தாய் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

வந்து என்ன ஆயிற்று? சேரியை விட்டுச் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது, எங்களை எழுதிக் காசாக்கிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தார் கல்லெறிந்தார்கள். அந்தக் கல்லை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். தன் வீட்டு வறுமை தெருவில் விரிக்கப்படுவதில் எவருக்கும் வலி உண்டு. வெளியே வந்தால், படித்தவர்கள் அவரை வேடிக்கை பார்த்தார்கள். அவருடைய எழுத்துப் பிழைகளை அப்படியே அச்சிட்டது அசலுக்கு மரியாதையா, சேரிக்காரி என்ற முத்திரையா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நாவல், கவிதை, நாடகம் எல்லாம் எழுதினார். பதிப்பாளர்களுக்கு அவரிடமிருந்து பசி மட்டும்தான் வேண்டியிருந்தது. 1977 பிப்ரவரி 13இல், சாவோ பாவுலோவின் ஓரத்தில், ஏழையாகவே செத்துப்போனார். அவருடைய எழுத்துகள் திருத்தாமல் முழுமையாக வரத் தொடங்கியது 2021இல். அந்தப் பதிப்புக் குழுவில் செருப்பு வாங்க முடியாமல் போன அதே மகள், வேரா யூனிஸ், இருக்கிறார்.

6

இடையில் 1964இல் ராணுவ ஆட்சி வந்தது. சிறார்களுக்கு மாநிலந்தோறும் பெரிய பெரிய காப்பகங்கள் கட்டினார்கள். 1974 அக்டோபரில் சாவோ பாவுலோ போலீசு 93 சிறுவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய், பக்கத்து மாநிலத்தில் கமாந்துகாயா என்கிற ஊருக்கருகே, ராத்திரியில் அம்மணமாக்கி அடித்துப் பள்ளத்தில் விரட்டிவிட்டது. குப்பையை ஊருக்கு வெளியே கொட்டுவது மாதிரி. அதைப் பற்றி விசாரித்து எழுதிய பத்திரிகையாளர் ஜோசே லவுசெய்ரோ 1977இல் அதை நாவலாக்கினார். 'செத்தவர்களின் குழந்தைப் பருவம்' என்று தலைப்பு. அந்த நாவலை வைத்து ஹெக்டர் பாபென்கோ 1980இல் 'பிஷோட்டே' என்ற படம் எடுத்தார்.

படத்தில் நாயகனாக நடித்தவன் பெர்னாண்டோ ராமோஸ் த சில்வா. சாவோ பாவுலோவை ஒட்டிய தியதேமாவில் ஏழைக் குடும்பத்துப் பையன். உலகமே அவன் கண்களைப் பார்த்து உருகியது. தொலைக்காட்சி நாடகத்தில் வேலை கிடைத்தது. வசனம் வாசித்து மனப்பாடம் செய்யும் அளவுக்குப் படிப்பில்லை, வேலை போனது. பிஷோட்டே என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஊரில் எது நடந்தாலும் போலீசுக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. 1987 ஆகஸ்ட் 25இல் போலீசு அவனைச் சுட்டுக் கொன்றது. வயது 19. எதிர்த்தான் என்றது போலீசு. கையில் ஒன்றுமில்லாதவனைக் கொன்றார்கள் என்றார்கள் குடும்பத்தார். படத்தில் குற்றவாளியாக நடித்தவனை நிஜத்தில் குற்றவாளியாகவே வைத்துக்கொண்டார்கள். படம் பார்த்து அழுத ஊர் அவனுக்கு ஒரு பள்ளிக்கூடம் தரவில்லை.

அதே காலத்தில் பிள்ளைகளே கூடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தெருச் சிறுவர் சிறுமியர் தேசிய இயக்கம் 1985இல் உருவாயிற்று. 1986இல் தலைநகர் பிரசிலியாவில் முதல் தேசியக் கூடல். 1989இல் இரண்டாவது கூடலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நாடாளுமன்ற அவைக்குள்ளேயே போய் உட்கார்ந்து, தங்களுக்கான சட்டத்துக்குத் தாங்களே கைதூக்கி ஓட்டுப் போட்டார்கள். 1990 ஜூலை 13இல் அந்தச் சட்டம் உண்மையாகவே நிறைவேறியது. 'மெனோர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'குழந்தைகள், வளரிளம் பருவத்தினர்' என்று போட்டார்கள். ஒரு சொல்லை மாற்ற 1927இலிருந்து 63 வருடம் ஆகியிருக்கிறது.

சொல் மாறிய மூன்றாம் வருடம், 1993 ஜூலை 23 ராத்திரி, ரியோவில் கந்தெலாரியா மாதாகோயில் அருகே தூங்கிக்கொண்டிருந்த தெருப் பிள்ளைகள் மேல் காரில் வந்தவர்கள் சுட்டார்கள். எட்டுப் பேர் செத்தார்கள். வழக்கில் போலீசுக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அன்று பிழைத்தவர்களில் ஒருவன் சாந்த்ரோ. 2000 ஜூன் 12இல் அவன் ரியோவில் 174ஆம் எண் பேருந்தைத் துப்பாக்கியோடு மறித்தான். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நான் கந்தெலாரியாவில் இருந்தவன் என்று அவன் கேமராவைப் பார்த்துக் கத்தினான். பணயமாக இருந்த ஒரு பெண் செத்தார். அவனைப் போலீசு வண்டிக்குள்ளேயே மூச்சுத் திணறடித்துக் கொன்றார்கள். அந்தப் பெண்ணின் சாவுக்கு அவனும் பொறுப்பு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழு வருடம் முன்னால் அவன் தூக்கத்தில் சுடப்பட இருந்த பிள்ளை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் கதைக்காரனின் கடமை. செய்தித்தாள் ஒன்றைத்தான் சொல்லும்.

7

1997இல் பாவுலோ லின்ஸ் எழுதிய 'கடவுளின் நகரம்' வந்தது. 1960களில் ரியோவின் சேரிகளை இடித்து, சனங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றிய இடத்தின் பெயரே அது. லின்ஸ் அங்கேயே வளர்ந்த கறுப்பர். ஒரு மானுடவியல் ஆய்வாளருக்கு உதவியாளராக இருந்து தன் தெருவிலேயே பேட்டி எடுத்தவர். அமாடோவின் பசங்க கையில் கத்தி இருந்தது. இங்கே கஞ்சாவும் துப்பாக்கியும். நாயகன் என்று எவனையும் தூக்கிப் பிடிக்காத நாவல். 2002இல் படமானதும் துப்பாக்கி தூக்கிய சின்னப் பையன் உலகச் சுவரொட்டிகளில் ஏறிவிட்டான். படத்துக்கு 2004இல் நாலு ஆஸ்கர் பரிந்துரைகள். அந்தச் சேரியிலேயே வசித்த ராப் பாடகர் எம்.வி. பில் வெளிப்படையாக எதிர்த்தார்: எங்கள் பிள்ளைகள் மேல் இன்னொரு முத்திரை குத்திவிட்டீர்கள், அதைச் சுமக்கப்போவது அவர்கள்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். பெர்னாண்டோவுக்கு நடந்ததை மறக்காதவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

இந்த இடத்தில்தான் கொன்சைசாவ் எவரிஸ்டோ வருகிறார். 1946இல் பெலோ ஒரிசோந்தே நகரத்தின் சேரியொன்றில் பிறந்தவர். தாய் துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். எவரிஸ்டோவும் வீட்டு வேலை செய்தே படித்தார். கரோலினாவின் புத்தகத்தைப் படித்துவிட்டு, இவருடைய தாயும் ஒரு நோட்டில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாராம். கல்லெறிபட்டுப் போன அந்த லாரியிலிருந்து இன்னொரு சேரித் தாயின் கைக்கு ஒரு பேனா விழுந்திருக்கிறது. எவரிஸ்டோ 1980களில் எழுதிய 'நினைவின் சந்துகள்' நாவலில், இடிக்கப்படுகிற சேரியைப் பார்த்துக்கொண்டிருப்பவள் மரியா-நோவா என்கிற சிறுமி. அவள் திருடவில்லை, சுடவில்லை. கிழவர்கள் சொல்கிற அடிமைக் காலத்துக் கதைகளையும், துணி வெளுக்கும் பெண்களின் பேச்சையும் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைக்கிறாள். ஒருநாள் எழுதுவதற்காக. அந்த நாவல் அச்சேற ஏறக்குறைய இருபது வருடம் காத்திருந்தது, 2006இல்தான் வந்தது. துப்பாக்கி இல்லாத சேரிக்கதைக்குப் பதிப்பாளர் கிடைப்பது அவ்வளவு கஷ்டம்.

அமாடோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் பறித்த பெயரை அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் திருப்பிக் கொடுத்தவர்களில் அவர் ஒருவர்; அதற்காக எரிக்கவும் பட்டார். இன்று அந்த நாவல் பிரேசிலில் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம். ஆனால் அதை மட்டும் சொன்னால், சேரிப் பிள்ளை என்றால் தாயில்லாதவன், திருடன், இல்லையென்றால் தியாகி என்று ஆகிவிடுகிறது. தாயைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால், யார் அவளை அடுத்தவன் வீட்டு அடுப்படிக்கு அனுப்பியது என்ற கேள்வியும் சேர்ந்து போய்விடுகிறது. 1871ஆம் வருடத்துச் சட்டம் செய்த அதே வேலையை நல்ல மனசோடு கதையும் செய்துவிடுகிறது.

அடுத்த வாரம் மாலை வகுப்பில் கரோலினாவைப் பற்றிச் சொன்னேன். காகிதம் பொறுக்கியது, பழைய நோட்டு, பிறந்தநாள், குப்பையில் கிடைத்த செருப்பு. இந்தத் தடவை யாரும் வாயைப் பிளக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த சங்கதிதானே. கேள்வி கேட்ட பொண்ணு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டது:

"அந்தச் செருப்பு ரெண்டும் ஒரே சோடியாக்கா?"

"ஒரே சோடிதாம்மா. கழுவித் தைச்சுப் போட்டுவுட்டாங்களாம்."

"அப்ப சரி" என்றது.